சம்சாரத்தின் பெயர்

புதுக்கோட்டை,
3.6.2024

அழகி அவர்களுக்கு,

நான் பிரகதாம்பாள். காலஞ்சென்ற திரு. குழந்தைசாமியின் மனைவி. இந்த வரியோடு கடிதத்தைக் கிழித்துவிட வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுக் கிழியுங்கள். கிழிக்கத்தான் வேண்டும், வீட்டில் வைத்திருக்கக்கூடிய கடிதம் இல்லை இது.

உங்கள் விலாசம் அவருடைய பழைய டைரியில் இருந்தது. பதினைந்து வருடமாக அந்த டைரி என் பீரோவில் இருக்கிறது. இதுவரை எனக்கு அது தேவைப்படவில்லை.

கடந்த மாசி மாதம் என் வலது காது ஒரே வாரத்தில் செத்துப்போனது. முப்பத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் பிறர் குரலைக் கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். டிரங்க் காலில் பேசுகிறவர் வாயில் வெற்றிலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தக் காது. இப்போது இடது காதும் ஒரு நாள் தெளிவாகவும் ஒரு நாள் கிணற்றுக்குள் இருப்பது போலவும் கேட்கிறது. எழுந்து நின்றால் வீடு சுற்றுகிறது. இரண்டு டாக்டர்கள் வயதுக் கோளாறு என்று சொல்லி மெஷின் வாங்கச் சொன்னார்கள். மூன்றாவதாகத் திருச்சியில் சத்யா என்ற இளம் டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். "வயசானவங்ககிட்ட இதையெல்லாம் கேட்க டாக்டர்களே கூச்சப்படுறோம், அதனாலதான் தப்பிடுது" என்று சொல்லிவிட்டுத்தான் முடிவைச் சொன்னார்.

சிபிலிஸ். நம் பக்கத்தில் மேகநோய் என்பார்கள். நாற்பத்தைந்து, ஐம்பது வருடத்துக்கு முன்னால் உடம்புக்குள் வந்து சத்தமில்லாமல் படுத்திருந்ததாம். இந்த வயதில் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது. ஆனால் அந்தக் காலத்தில் யாருக்கெல்லாம் தொற்றியதோ அவர்களுக்குள்ளும் இப்படியே படுத்திருக்கலாம். காது, கண், இருதயம், மூளை, எங்கே எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கணவர் தவிர, கணவர் வழியாக வேறு யாருக்காவது இருக்குமா என்று டாக்டர் கேட்டார். யாரும் இல்லை என்றேன். பஸ்ஸில் கீரனூர் தாண்டும்போது, நான் சொன்னது பொய் என்று உறைத்தது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். சொன்ன பொய்யைத் திருத்த வேண்டும் என்று அங்கே பழக்கியிருக்கிறார்கள்.

ஆகவே ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வி.டி.ஆர்.எல். சோதனை என்று கேளுங்கள். எழுதித் தருகிறேன்: V.D.R.L. கூச்சப்பட வேண்டாம். சீக்கிரம் போங்கள்.

பதில் எழுத அவசியமில்லை.

பிரகதாம்பாள்


பொன்னமராவதி,
8.6.24

பெரியவங்களுக்கு அழகி கும்பிட்டு எழுதிக்கிறது.

பதில் வேணாம்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு நாள் எழுதாமத்தான் இருந்தேன். முடியல. நான் அஞ்சாப்புதான் படிச்சவ. தப்பிருந்தா பொறுத்துக்கணும்.

நீங்க என்னை நெனச்சு எழுதுனதே எனக்குப் பெருசு. ஆனா எனக்கு அந்த டெஸ்ட் வேணாங்க. எனக்கு அப்பவே பாத்தாச்சு. ஊசியும் போட்டாச்சு, வாரம் ஒண்ணுன்னு மூணு. அவுகளுக்கும் போட்டாக. அதுக்குப் பெறகு ரெண்டு தடவ ரத்தம் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாக. இன்னிக்கும் ஊசியில நூல் கோக்குறேன், கண்ணாடி போடாம. ஜாக்கெட்டு தச்சுத்தான் வண்டி ஓடுது.

இதுக்கு மேல என்னைய எதுவும் கேக்காதீங்க.

உங்களுக்கு எப்ப ஊசி போடுறாங்க? கூட யாரு இருக்கா? அத மட்டும் ஒரு வரி எழுதுங்க.

இன்னொண்ணு. எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன், பேனா போயிருச்சு. அவுக தவறுனப்ப நான் மாலையோட ஒங்க தெருமொனை வரைக்கும் வந்தேன். நீங்க ஒங்க பக்கத்து வீட்டு தங்கமுத்து அண்ணன்கிட்ட சொல்லி விட்டீங்க, "அந்தப் பொம்பளை என் வாசல்படி மிதிக்கக்கூடாது"ன்னு. மாலைய மடியில வச்சுக்கிட்டே பஸ்ஸுல திரும்பி வந்தேன். கண்டக்டர் பூவுக்கு டிக்கெட் கேக்கல. தையல் மிஷின் மேல போட்டேன், காயிற வரைக்கும் கெடந்துச்சு. கடைசியா ஒருதரம் மொகத்தப் பாத்திருக்கலாம். அவ்வளவுதான்.

ஒடம்பப் பாத்துக்கோங்க.

அழகி


புதுக்கோட்டை,
13.6.2024

அழகி அவர்களுக்கு,

அப்படியானால் அவருக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். "அவுகளுக்கும் போட்டாக" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், ஊசி போட்ட நர்ஸுக்குத் தெரியும். அவர் தாலி கட்டிய எனக்கு மட்டும், அவர் செத்துப் பதினைந்து வருடம் கழித்து, பேத்தி வயதில் ஒரு டாக்டர் சொல்ல வேண்டியிருந்தது.

உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். 1975இல் எனக்கு ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை செத்துப் பிறந்தது. 1977இல் பிறந்தது பதினொரு நாள் இருந்தது. பெண். அதற்குக் கைவிரல் எல்லாம் அவரைப் போல. இரண்டாவதும் போனபோது என் மாமியார், "உன் ரத்தம் கெட்ட ரத்தம்டி" என்றார். வெறுங்காலோடு குன்றாண்டார்கோவில் வரை நடக்க வைத்தார். என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்று ஆய்வகத் தாளும் என் மாமியார் சொன்னதையேதான் சொல்கிறது. அந்த ரத்தத்தைக் கெடுத்தது யார் என்று அன்றைக்கு அவரும் சொல்லவில்லை, இன்றைக்கு அந்தத் தாளும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: எந்த வருடம். எந்த ஆஸ்பத்திரி. என்னை ஏன் கூப்பிடவில்லை.

மேலே எதுவும் கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

எனக்கு எப்போது ஊசி என்று கேட்டிருந்தீர்கள். போட்டுக்கொள்ளப் போவதில்லை. காதுக்குள் இறங்கிவிட்டதால் வாரம் ஒன்று என்ற கணக்கெல்லாம் போதாதாம். பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். கட்டில் காலில் மாட்டுகிற தாளில் நோயின் பெயர் இருக்கும். திருச்சியில் எந்த வார்டுக்குப் போனாலும் பாதி நர்ஸுகள் நம் ஜில்லாக்காரர்கள். "டெலிபோன் ஆபீஸ் பிரகதாம்பாள் அம்மாவுக்கு இந்த வயசில் என்ன வந்திருக்கு பாரு" என்று நான் கேட்க வேண்டுமா? அதைக் கேட்கவா காதைக் காப்பாற்றிக்கொள்வது?

வலது காது திரும்பாது. ஜூலைக்குள் ஆரம்பித்தால் இடது காதை நிறுத்தி வைக்கலாம், அதற்கப்புறம் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்கிறார் டாக்டர். போகட்டும். கேட்டவரை போதும்.

பிரகதாம்பாள்


பொன்னமராவதி,
19.6.24

பெரியவங்களுக்கு,

எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம மூணு தாளக் கிழிச்சுட்டேன். பொய் எழுத மாட்டேன். எழுதுனா நீங்க கண்டுபுடிச்சுருவீங்கன்னு அவுக சொல்லுவாக.

எம்பத்தொண்ணு ஐப்பசி கடைசி. எம் மக சிவரஞ்சனி எனக்கு வயித்துல ஆறு மாசம். மாசமா இருக்குறவளுக்குப் பாக்குற ரத்த டெஸ்டுல தெரிஞ்சுச்சு. திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாக. அவுகதான் கூட்டிப்போனாக. அங்க டாக்டரம்மா சொன்னுச்சு, ஊசி போடாட்டி பிள்ள வயித்துக்குள்ளயே போயிரும், இல்ல பொறந்து பத்து நாள்ல போயிரும்னு. அவுக அங்கனயே தரையில உக்காந்துட்டாக. எம்புட்டு இழுத்தும் எந்திரிக்கல.

"ரெண்டையும் நாந்தான் கொன்னுருக்கேன் அழகி"ன்னாக.

பம்பாய்க்குக் கடலை லோடு ஏத்திப்போன காலத்துல வந்த வெனை அது. என்னையப் பாக்குறதுக்கு ரொம்ப முந்தி. இத நான் தப்பிக்கிறதுக்காகச் சொல்லல.

சீட்டுப் போடுற எடத்துல, "சம்சாரம் பேரு என்ன"ன்னு கேட்டாக. நான் பக்கத்துல நிக்கிறேன், வயித்தத் தள்ளிக்கிட்டு. அவுக என் மொகத்தப் பாத்துக்கிட்டே, யோசிக்காம, "பிரகதாம்பாள்"னு சொல்லிட்டாக. சொன்ன பெறகுதான் அவுகளுக்கே தெரிஞ்சுச்சு. மாத்தச் சொல்ல வெக்கம். அப்படியே எழுதிட்டாக. மூணு வாரம் அந்த ஆஸ்பத்திரியில நர்ஸம்மா "பிரகதாம்பாள்"னு கூப்புட்டா நான் எந்திரிச்சுப் போவேன். உங்க பேருலதான் எனக்கு ஊசி போட்டாக. எம்பிள்ள பொழச்சது உங்க பேருல.

மொத ஊசி அன்னிக்கே நான் சொன்னேன், அக்காவையும் இன்னிக்கே வரவழைங்கன்னு. தபாலாபீசுல போயி டிரங்க் கால் போட்டாக. நான் ஒட்டி நின்னேன். உங்க கொரல் வெளியில எனக்குங் கேட்டுச்சு. நான் உங்க கொரலக் கேட்டது அன்னிக்கு மட்டுந்தான். அம்புட்டு அழகா இருந்துச்சு. கடைசியா "மூன்று நிமிடம் முடிந்தது"ன்னு சொன்னீங்க, டக்குனு ஒரு சத்தம். அவுக போனக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னாக. இன்னொருக்கா போடுங்கன்னேன்.

"அவகிட்ட இதச் சொல்ல மூணு நிமிசம் பத்தாது. மூணு மாசம் வேணும்"னாக.

அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளுனாக. நேர்ல சொல்றேன்னாக. சொன்னா அவ என்னைய ஏறெடுத்துப் பாக்க மாட்டா, அவ பாக்காத வீட்ல நான் எப்படி இருக்குறதும்பாக. வருசம் ஓடிருச்சு.

நானாவது ஒரு காயிதம் போட்டிருக்கணும். விலாசம் தெரியும். போடல. உங்களுக்குத் தெரிஞ்சா அவுக இங்கிட்டு வர்றது நின்னுரும்னு பயந்தேன். உங்க காது போனதுல எனக்கும் பங்கு இருக்கு. இதுதான் உண்மை. வையிறதுன்னா வைங்க.

அந்த மஞ்சச் சீட்ட இதோட வச்சிருக்கேன். அது உங்களுக்குச் சேர வேண்டியது.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வெக்கத்துக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு மாட்டேங்குறீங்கன்னா, என் பேருல சேந்துக்கோங்க. என் ஆதார் அட்டையத் தாரேன். அந்தப் போட்டோவுல நானே என் மாதிரி இல்ல, நீங்க இருந்தா யாருக்குத் தெரியப் போவுது. நான் ஒங்க பேருல படுத்து எந்திரிச்சவ. நீங்க என் பேருல பதினாலு நாள் படுத்தா என்ன? தையக்காரி அழகிக்கு மேகநோயின்னா ஊரு ஒண்ணும் புதுசாச் சொல்லப் போறதில்ல.

கூட இருக்க ஆளு வேணும்னா நான் இருக்கேன்.

அழகி


பொன்னமராவதி,
3.7.24

பெரியவங்களுக்கு,

ரெண்டு வாரமாச்சு. தபால்காரர் மதுரைவீரன் தெருவுல திரும்புறப்பல்லாம் மிஷின நிறுத்திட்டுப் பாக்குறேன். "என்னத்தா, லவ் லெட்டரா"ன்னு கேலி பண்றாரு. ஆமாய்யா, ஒனக்கென்னன்னு சொல்லிட்டேன்.

கோவமா இருந்தா வெறுந்தாளையாவது மடிச்சுப் போடுங்க. ஜூலைக்குள்ளன்னு டாக்டரு சொன்னதா எழுதியிருந்தீங்க. இன்னிக்குத் தேதி மூணு.

அழகி


புதுக்கோட்டை,
8.7.2024

அழகிக்கு,

சீட்டு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்தேன். பெயர் பிரகதாம்பாள், வயது 24, க/பெ குழந்தைசாமி. எனக்கு அப்போது முப்பத்தொன்று. முதலில் அந்தப் பிழைதான் கண்ணில் பட்டது. பென்சிலை எடுத்து அடிக்கோடு போடப் போனேன். அப்புறம்தான் அது பிழை இல்லை, அது உங்கள் வயது என்று புரிந்தது. பென்சிலை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் சில நாட்கள் ஒன்றும் எழுத முடியவில்லை.

அந்த அழைப்பு எனக்கு நினைவிருக்கிறது. 1981 நவம்பர் 18, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி வாக்கில். அவர் ஒரு நாளும் நிலையத்துக்குக் கூப்பிட்டதில்லை. அதனால் மறக்கவில்லை. "பிரகதா, நாளைக்கு லீவு போட்டுட்டு திருச்சிக்கு வர்றியா?" என்றார். எதற்கு என்றேன். வந்தால் சொல்கிறேன் என்றார். காரணம் இல்லாமல் லீவு எழுத முடியாது என்றேன். பிறகு அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. லைன் வெட்டுப்படவில்லை, அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் பக்கத்து நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த பொன்னுத்தாய் என்ற பெண். சொந்தக்காரர்களோடு கூடுதல் நேரம் பேசியதற்காக அந்த வாரம்தான் நான் அவளுக்கு மெமோ கொடுத்திருந்தேன். அவள் கடிகாரத்தையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் என் புருஷனுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று நிமிடம் முடிந்தது என்று சொல்லி வயரைப் பிடுங்கினேன்.

அன்றைக்கு அதைப் பற்றிப் பெருமைதான் பட்டேன்.

அவர் வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர் என்று இருந்தேன். அந்த வாரம்தான் அவர் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். புழுக்கமாக இருக்கிறது என்றார். கார்த்திகை மாதத்தில். செத்த பிள்ளைகளைப் பெற்றவள் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அதையும் கேட்கவில்லை. அப்போதே உங்களைப் பற்றி அரசல்புரசலாகத் தெரியும். காரணத்தை உங்கள் மேல் ஏற்றி வைத்துக்கொண்டேன். ஏற்றி வைக்க ஓர் இடம் இருந்தது வசதியாக இருந்தது.

இருபத்தேழு வருடம் எங்களுக்கு நடுவே ஒரு சுவர். நிலையத்தில் பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது குற்றம். நானே எத்தனையோ பெண்களைக் கண்டித்திருக்கிறேன். வீட்டில் நான் இருபத்தேழு வருடம் ஒட்டுக் கேட்டேன். கட்டில் கயிறு முனகுவது, சொம்பைக் கீழே வைப்பது, இரண்டு சிறிய இருமலும் ஒரு பெரிய இருமலும். அந்தப் பெரிய இருமலுக்கு அப்புறம்தான் தூங்குவார். அதுவரை நானும் தூங்க மாட்டேன். கூப்பிட்டால் போய்விடுவேன் என்று படுத்திருப்பேன். அவர் கூப்பிடவில்லை. இப்போது தோன்றுகிறது, அவரும் அந்தப் பக்கம் அப்படியே படுத்திருந்தாரோ என்னவோ. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்து, நான் வயரைப் பிடுங்கியதைக் கேட்டவர் இல்லையா.

சீட்டில் என் பெயர் இருப்பதற்கு நான் கோபப்பட வேண்டும். பட்டேன். இரண்டு நாள் பட்டேன். மூன்றாம் நாள், அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசிக்காமல் சொன்னார் என்று நீங்கள் எழுதிய இடத்தை மறுபடி படித்தேன். அதற்கப்புறம் அந்தச் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். எழுபத்து நான்கு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வேறு யாரிடமும் கேட்க முடியாது. அவர் தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்? எனக்கு மறந்துவிட்டது. கல்யாணமான புதிதில் தெரிந்திருந்தது. சத்தத்தை எல்லாம் நினைவில் வைத்திருக்கிறேன், இது போய்விட்டது. எனக்கு இரவு ட்யூட்டி இருந்த நாட்களில் அவர் உங்களிடம்தான் தங்கியிருப்பார், நீங்கள் பார்த்திருப்பீர்கள். எழுதுங்கள்.

ஆஸ்பத்திரியைப் பற்றி இப்போது கேட்க வேண்டாம்.

பிரகதாம்பாள்


பொன்னமராவதி,
11.7.24

அக்காவுக்கு,

அக்கான்னு எழுதிட்டேன். வேணாம்னா அடிச்சுருங்க.

எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாகன்னு கேட்டீங்க. எனக்குத் தெரியாதுக்கா.

ஒரு நாள்கூட அவுக இங்க ராத்தங்குனதில்ல. சாமி சத்தியமா. வாரத்துல ரெண்டு நாள் வருவாக, சனிக்கெழம, புதன்கெழம. எம்புட்டு மழையா இருந்தாலும் ஏழரை மணி பஸ்ஸுக்குக் கெளம்பிருவாக. "அவ ட்யூட்டி முடிஞ்சு வந்து சோத்தப் போட்டு மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா"ம்பாக. ஒருக்கா புயல் மழையில ரோட்டுல மரம் சாஞ்சு பஸ்ஸு நின்னுருச்சு. காரையூரு வரைக்கும் நடந்து, யாரோ டிராக்டருல ஏறி வந்தாக உங்க வீட்டுக்கு. நெனவிருக்கா? சட்டையெல்லாம் செம்மண்ணா வந்திருப்பாக.

நீங்க நெனச்சிருக்கீங்க, அவுக எங்கிட்ட தூங்குறாகன்னு. நான் நெனச்சிருக்கேன், அவுக உங்ககிட்டத் தூங்குறாகன்னு. இருபத்தேழு வருசமும் பஸ்ஸு கெளம்புற சத்தத்தக் கேட்டுக்கிட்டே உங்க மேல பொறாமப்பட்டேன். நீங்க எழுதித்தான் தெரியுது, அவுக யாருகிட்டயும் தூங்கல.

ஊசி போட்ட பெறகு எங்கிட்டயும் அப்படி இருந்ததில்லக்கா. பிள்ளைய மடியில வச்சுக்குவாக. அதோட காதுல மெதுவா விரலச் சொடுக்கிப் பாப்பாக, திரும்புதான்னு. திரும்புனா அழுவாக. அப்பறம் மிஷினு சத்தத்துல கண்ண மூடி உக்காந்திருப்பாக. கண்ண மூடுனா உங்க பேச்சுதான். அவ போன எடுத்து நம்பர் ப்ளீஸ்னு சொன்னா கலெக்டரே எந்திரிச்சு நின்னுதான் நம்பரச் சொல்லுவாரும்பாக. எனக்கு எரியும். இன்னிக்கு எரியல.

நான் உங்களுக்குப் புத்தி சொல்ற ஆளு இல்ல. ஆனாலும் சொல்றேன். அவுக சொல்லாமப் போயிட்டாக. நீங்க கேக்காம இருந்துட்டீங்க. நான் எழுதாம இருந்துட்டேன். மூணு பேருக்கும் வாயி இருந்துச்சு, காது இருந்துச்சு, என்ன செஞ்சோம்? இப்ப மிச்சம் இருக்குறது உங்க எடது காது ஒண்ணுதான். அவுக உங்களப் பத்திச் சொன்னது முப்பது வருசத்துப் பேச்சு எங்கிட்டக் கெடக்கு. காயிதத்துல எழுதி முடியாது. எனக்கு எழுத்தும் வராது. காதையும் குடுத்துட்டீங்கன்னா அத நான் யாருகிட்டச் சொல்றது? சொல்லாமயே நானும் போயிருவேன். அப்பறம் அது யாருக்கும் இல்ல.

ஒரு வார்த்த எழுதுங்க. வாரேன்.

அழகி


புதுக்கோட்டை,
15.7.2024

அழகிக்கு,

இனி 'நீ' என்று எழுதுகிறேன். வயதில் ஏழு குறைந்தவள். ஆட்சேபம் இருந்தால் நேரில் சொல்.

செம்மண் சட்டை நினைவிருக்கிறது. எங்கே விழுந்து புரண்டீர்கள் என்று அவரைத் திட்டிக்கொண்டே துவைத்தேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். அவர் கதவில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு இப்படிச் சிரிக்கிறார் என்று அன்று எரிச்சலாக இருந்தது.

இன்று திருச்சிக்குப் போய் வந்தேன். டாக்டர் சத்யாவிடம், முதல் முறை நான் சொன்னது பொய் என்றும், இன்னொருவர் இருக்கிறார், அவருக்கு அப்போதே வைத்தியமாகிவிட்டது என்றும் சொல்லி மஞ்சள் சீட்டைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, இது உங்கள் பெயரிலேயே இருக்கிறதே, அப்படியானால் உங்களுக்கு ஊசி போட்டிருக்கிறார்களே என்று குழம்பினார். முழுவதும் சொல்ல வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் யாரிடமும் நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

வருகிற வியாழக்கிழமை, 18ஆம் தேதி, காலை பத்து மணிக்குச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். உன் பெயரில் சேர மாட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொய்ச் சீட்டு போதும். என் நோய், என் பெயரிலேயே இருக்கட்டும். கட்டில் காலில் மாட்டுகிற தாளை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

பதிவு செய்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண். நான் காது கேளாதவள் என்று தெரிந்ததும் ஒவ்வொரு கேள்வியையும் தாளில் எழுதிக் காட்டினாள். பெயர், வயது, ஊர். கடைசியில், கூட இருப்பவர் பெயர் என்று எழுதினாள். நான் வழியெல்லாம் தங்கமுத்துவின் மனைவியைக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனவள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல், அழகி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் அடுத்து, உறவு என்ன என்று எழுதிக் காட்டினாள். அழகி வந்ததும் அவளிடமே கேட்டு எழுதிக்கொள் என்றேன்.

ஆகவே புதன்கிழமை மாலையே வந்துவிடு. இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். தங்கமுத்து தெருமுனையில் நிற்பான். இந்தத் தடவை உன்னை உள்ளே கூட்டி வருவதற்கு. மாலை எதுவும் வாங்க வேண்டாம். அவர் படம் கூடத்தில் அவர் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கிறது, வேண்டிய மட்டும் பார்த்துக்கொள். ஏழரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பக் கூடாது. இரவு அந்தக் கட்டிலில் படுத்துக்கொள். கயிறு மாற்றியிருக்கிறேன்.

வார்டில் என் இடது பக்கம் உட்கார். அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். சத்தமாக, நிதானமாக, வரிசையாக. நேரக் கணக்குக் கிடையாது.

இன்னொன்று. ஊசி நேரத்தில் நர்ஸுகள் வாசலில் நின்று பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். எனக்குக் கேட்காது. பிரகதாம்பாள் என்று கூப்பிட்டால் நீ எழுந்திரு. உனக்குப் பழக்கம்தானே.

பிரகதாம்பாள்